அந்தப் பையில் ஐஸ் வைத்தது நான்தான்

மகன் தினேஷ்,

இந்தக் கடிதத்தை உறைக்குள் போட்டு ஒட்டவில்லை. நீ வாசித்த பிறகு மருமகள் நிரோஷா வாசிக்கட்டும், அவளுடைய அம்மாவும் வாசிக்கட்டும். சென்னை டொக்டருக்குத் தமிழ் தெரியும் என்று நீ சொன்னாய், அவருக்கும் காட்டு. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் விமானம் ஏறுகிறீர்கள். அங்கே என் பேத்தி கவிஷாவுடைய எலும்புக்குள் இரத்தம் ஊறுகிற மச்சையை மருந்தால் முழுக்க அழித்துவிட்டு, ஐந்து வருடமாகக் கொழும்பில் உறைய வைத்திருக்கும் அவள் தம்பியின் தொப்புள்கொடி இரத்தத்தை ஏற்றப் போகிறார்கள். அது அவள் உடம்பில் பிடித்துக்கொண்டால், மாதா மாதம் இரத்தினபுரிக்குப் போய் இரத்தம் ஏற்றிக்கொண்டு வருவது நின்றுவிடும். பிடிக்காவிட்டால், அவளுக்கென்று சொந்தமாக எதுவும் மிஞ்சியிருக்காது. அந்த இரத்தப் பை கொழும்புக்குப் போவதற்கு முன்னால் அதற்கு என்ன நடந்தது என்று உங்கள் யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். மருந்து ஏறுவதற்கு முன் உனக்கும் தெரிய வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று இரண்டு நாள் யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும்போது முதலில் காரணத்தை எழுது, பிறகு விளைவை எழுது என்பார்கள். காரணம் பொறாமை. வேறு மரியாதையான சொல் ஏதும் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், இல்லை. உனக்குக் கல்யாணம் முடிந்து மூன்றாவது மாதம், நீ நம் லயத்து வீட்டு வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாய். "சரிங்கம்மா, சாப்பிட்டேம்மா, நீங்க மாத்திரைய போட்டீங்களாம்மா" என்றாய். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். யாரிடம் பேசுகிறாய் என்று எனக்கு விளங்கவே இல்லை. நான் கேட்டு நீ இரண்டு முறை சொன்ன பிறகுதான் அது உன் மாமியார் என்று தெரிந்தது. களைந்த அரிசியை மறுபடியும் களைந்தேன். என் மகன் உலகத்தில் ஒருத்தியைத்தான் அப்படிக் கூப்பிடுவான் என்று நினைத்திருந்தேன். அன்று தொடங்கியது. பெல்மடுல்ல பஜாரில் புடவைக்கடையைத் தனியாளாக நடத்துகிற பெண், இங்கிலீஷில் வருகிற காகிதத்தையும் ஒருவரிடமும் கேட்காமல் வாசிக்கிற பெண். நிவித்திகல தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற எனக்கு அவரைப் பார்த்தாலே முதுகு நிமிர்ந்துவிடும். சண்டைக்கு நிற்கிற மாதிரி நிமிரும்.

கவிஷாவுக்கு ஒன்பது மாதத்தில் முகம் வெளுத்து, வயிறு வீங்கி, தலசீமியா என்று சொன்னார்களே, அந்த வாரம் நாங்கள் இரண்டு சம்பந்தியும் நடந்துகொண்டதை நீ மறந்திருக்க மாட்டாய். "எங்க குடும்பத்துல இப்பிடி ஒன்னு கேள்விப்பட்டதே இல்லீங்க" என்றார் அவர். "எங்க லயத்துலயும் ஆறு தலமுறயா எல்லாரும் மலை ஏறுன ஆளுங்கதான்" என்றேன் நான். ஒரு குழந்தை வெளுத்துப் போய் மடியில் கிடக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் யாருடைய இரத்தம் நல்ல இரத்தம் என்று வழக்காடிக்கொண்டிருந்தோம். பிறகு கிளினிக்கில் எல்லோரையும் சோதித்தார்கள். நோயைக் கடத்துகிறவர்கள் நீயும் நிரோஷாவும். உனக்கு அது வந்தது என்னிடமிருந்து, அவளுக்கு வந்தது அவள் அம்மாவிடமிருந்து. காகிதத்தைப் பார்த்துவிட்டு உன் அப்பா, "ரெண்டு பேரும் இப்ப சமமாயிட்டீங்க, இனியாச்சும் டீ குடிங்க" என்றார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. சமமாக இருப்பது எனக்குப் போதவில்லை, தினேஷ். அதைத்தான் நான் இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தேன்.

நிரோஷா இரண்டாவது முறை உண்டானபோது, தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து வைக்கலாம் என்று கண்டுபிடித்துச் சொன்னதும் சம்பந்தியம்மாதான். அக்காவுக்கும் தம்பிக்கும் பொருந்தினால் அது மருந்தாகும் என்று கிளினிக்கில் கேட்டு வந்து, கொழும்பில் பேசி, இரத்தத்தை வைத்து அனுப்புகிற பெட்டியையும் வரவழைத்துவிட்டார். தடித்த நீலப் பெட்டி. நீ அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "அம்மா, அத்தை மட்டும் இல்லாட்டி எங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது" என்றாய். உண்மைதான். எனக்கும் தெரிந்திருக்காது. ஆனால் உண்மை என்பதால் வயிறு எரியாமல் இருக்குமா? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் விஞ்ஞானப் புத்தகத்தை இரவல் வாங்கி, குருதி பற்றிய அலகை மூன்று முறை வாசித்தேன். அடுத்த முறை அவர் பேசும்போது எனக்கும் ஏதாவது சொல்ல இருக்க வேண்டும் என்பதற்காக.

சின்னவன் பிறந்த அன்று மழை. களுகங்கை நிறைந்து, இரத்தத்தை எடுத்துப் போகக் கொழும்பிலிருந்து வர வேண்டிய வேன் வழியில் எங்கோ மாட்டிக்கொண்டது. நீ உள்ளே நிரோஷாவோடு இருந்தாய். நான் வெளியே ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் கவிஷாவை வைத்துக்கொண்டு இருந்தேன். அவளுக்கு அப்போது மூன்று வயது. காலை பத்து மணி இருக்கும், சம்பந்தியம்மா அந்த நீலப் பெட்டியோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பையன், சம்பந்தி! ரத்தமும் நல்லா எடுத்துட்டாங்க. நீங்க இந்தப் பெட்டிய மட்டும் பாத்துக்கங்க, வேற ஒன்னும் செய்ய வேணாம்" என்று என் மடியில் வைத்துவிட்டு, திரும்பி விறுவிறு என்று உள்ளே போனார். பிள்ளையைப் பார்க்கத்தான் போகிறார் என்று தெரிந்தது. எழுந்து பின்னால் போக முடியாது, ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் கவிஷா. வேற ஒன்னும் செய்ய வேணாம். அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது.

ஒரு மணித்தியாலம் போனது. வேன் வரவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தேன். துணி மாதிரி ஒன்றில் சுற்றி, உள்ளங்கை அகலத்தில் ஒரு பை. தொட்டேன், சூடு. அப்போதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. எங்கள் பிள்ளைக் காம்பராவுக்கு மாதம் ஒருநாள் மிட்வைஃப் அம்மா தடுப்பூசி போட வருவார், நோனா என்றுதான் கூப்பிடுவோம். ஊசி மருந்து ஐஸ் வைத்த பெட்டியில் வரும். மூடியைத் தேவையில்லாமல் திறந்தால் ஏசுவார். "சூடு பட்டா மருந்து செத்துரும், வெளங்குதா?" என்று எனக்கு இருபது வருடமாகச் சொல்லி வைத்திருக்கிறார். ஊசி போடுகிற நாளில் அந்தப் பெட்டிக்குக் காவல் நான்தான். கொழும்பில் உறைய வைக்கப் போகிற சாமான் இங்கே சூட்டில் கிடக்கிறதே, இத்தனை படித்த சம்பந்தியம்மாவுக்கு இது தெரியவில்லையே என்று நினைத்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பயம் வந்திருக்க வேண்டும், சந்தோஷம்தான் வந்தது. ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே இருந்த கடைக்குப் போனேன். டீப் ஃபிரீசரின் அடியிலிருந்து, கல் மாதிரி இறுகிய ஐஸ் பக்கெட்டு ஐந்து எடுத்துத் தரச் சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிளாஸ்டிக் உறையோடு உறிஞ்சிச் சாப்பிடுகிற சிவப்பு ஐஸ் பக்கெட்டுதான். நாலைப் பையைச் சுற்றி நெருக்கி வைத்து மூடினேன். ஒன்றைக் கவிஷாவுக்குக் கொடுத்தேன். அவள் உறிஞ்சிக்கொண்டே, "அப்பாயி, பெட்டிக்கும் ஐஸ் வேணுமா?" என்று கேட்டாள். "ஆமாண்டி தங்கம், ஒனக்குத்தான் பாத்து வைக்கிறேன்" என்றேன்.

மூன்று மணித்தியாலம் அப்படியே இருந்தது. வேன் ஹோர்ன் அடித்த பிறகுதான் பக்கெட்டுகளை வெளியே எடுத்தேன். பையின் ஒரு மூலை என் விரலுக்கு விறைப்பாக இருந்தது. அடியில் ஒரு காகிதம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது, இங்கிலீஷிலும் சிங்களத்திலும். தமிழில் இல்லை. சிங்களம் எனக்கு வாசிக்க வரும். வாசிக்கத் தேவையும் இருக்கவில்லை, பனித்துளி மாதிரி ஒரு படம் போட்டு அதன் மேல் சிவப்பில் குறுக்குக் கோடு இழுத்திருந்தது. ஐஸ் வைக்க வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம், சாதாரண அறைச் சூட்டிலேயே கொண்டு வரவும் என்று எழுதியிருந்தது. நான் அந்தக் காகிதத்தை மடித்து என் கைப்பையில் போட்டேன். முந்தானையால் பையைத் துடைத்தேன். சம்பந்தியம்மா ஓடி வந்து, "எல்லாம் சரிதானே சம்பந்தி?" என்று கேட்டார். "நீங்க வச்ச மாதிரியே இருக்கு" என்றேன். வேன்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகுதான் என்னை உள்ளே கூப்பிட்டுப் பிள்ளையைக் காட்டினீர்கள். நான் அழுதேன், சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நீ என் தோளைப் பிடித்தாய்.

அன்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவருக்கு முன்னால் நான் சிறுத்துப் போயிருப்பேன், அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்தைத் தாங்க முடியாமல் ஐந்து வருடத்தைச் சுமந்தேன். நாலு நாள் கழித்துக் கொழும்பிலிருந்து போன் வந்தது உனக்கு நினைவிருக்கும். உயிரோடு இருக்கிற கலங்கள், அதாவது செல்கள், எதிர்பார்த்ததை விடக் குறைவு, கொஞ்சம் சிவப்பணுக்கள் உடைந்தும் இருக்கின்றன, ஆனாலும் வைக்கலாம், வைக்கவா என்று கேட்டார்கள். "ரோட்டுல லேட்டானதுதான்" என்று நீ சொன்னாய். "வைக்கச் சொல்லுங்க தம்பி, இருக்கிறது இருக்கட்டும்" என்றார் சம்பந்தியம்மா. நான் மழையைத் திட்டினேன். பிறகு அக்காவுக்கும் தம்பிக்கும் பொருந்துகிறது என்று முடிவு வந்தபோது, அவர் கடையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். எனக்கு இரண்டு வைத்தார். இரண்டையும் சாப்பிட்டேன்.

போன மாதம் கிளினிக்கில் டொக்டர் நோனா எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினாரே, நான் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து நிரோஷா சிரித்தாள். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்க இருந்தது. "நோனா, அஞ்சு வருஷமா ஐஸுக்குள்ள கெடக்கு, கெட்டுப் போயிருக்காதா?" வருடங்கள்தான் கெடுத்தன என்று அவர் சொல்லிவிட்டால் நான் தப்பித்துவிடுவேன் என்று நம்பிக்கொண்டு கேட்டேன். அவர் சிரித்தார். "பய வெண்ட எபா அம்மே, பயப்பட வேணாம். வருஷம் போறது பிரச்சின இல்ல. அஞ்சு இல்ல, இருபது வருஷம் இருந்த பையிலயும் நல்ல கலம் இருந்திருக்கு. திரவ நைதரசன் குளிர்ல ஒன்னும் அசையாது, ஒன்னும் வயசு போகாது. உள்ள போற நேரமும் வெளிய வர்ற நேரமும்தான் பிரச்சின." உறைய வைக்கும்போது சும்மா குளிரில் போட்டுவிட முடியாதாம். கலத்துக்குள் இருக்கும் நீர் ஊசி ஊசியாக ஐஸாகிக் கலத்தைக் கிழித்துவிடுமாம். அதனால் ஒரு காப்பு மருந்தைக் கலந்து, அளவாக, மெல்ல மெல்லக் குளிரை இறக்குவார்களாம். வெளியே எடுக்கும்போது மட்டும் சூட்டு நீரில் வைத்துச் சீக்கிரம் கரைப்பார்களாம். இடையில் நைதரசன் டாங்கியிலிருந்து எடுத்து எடுத்து வைத்தால் அதுவும் கெடுதலாம். கடைசியில் அவர் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: "நல்லதா உள்ள போனா நல்லதா வெளிய வரும் அம்மா. போகும்போதே அடிபட்டிருந்தா டாங்கி அத சுகப்படுத்தாது."

என் பேனா அங்கேயே நின்றுவிட்டது. காப்பு மருந்தும் இல்லாமல், அளவும் இல்லாமல், சிவப்பு ஐஸ் பக்கெட்டைக் கொண்டு ஒரு மூலையை விறைக்க வைத்தவள் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். நானே அந்த இரத்தத்தை அடித்து உள்ளே அனுப்பியிருக்கிறேன், அந்தக் குளிர் என் தப்பையும் ஐந்து வருடமாகக் கெடாமல் அப்படியே காத்து வைத்திருக்கிறது. அன்றைக்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் சம்பந்தியம்மா உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் கையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு, சென்னைக்கு உங்களோடு யார் வருவது என்று நீங்கள் மூன்று பேரும் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் எனக்குச் சொன்னீர்கள், அத்தை வருகிறார் என்று. அதற்குப் பிறகு இன்னும் ஒரு வாரம் மூடிக்கொண்டேன். பொறாமையோடு இருக்கிறவளுக்குத் தன் பேத்தியின் உயிர் கூடக் கண்ணுக்கு முன்னால் இருந்தும் தெரியாது, மகன். இதை உனக்குப் புத்திமதியாகச் சொல்லவில்லை, நான் கண்டதைச் சொல்கிறேன். உனக்கும் என் குணம் கொஞ்சம் இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல உனக்கும் வாய் வராது, யார் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு வருவாய். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நின்று பழகிய தலையாட்டல் அது. சென்னையில் ஆட்டாதே. விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்.

இன்று காலை பிள்ளைக் காம்பராவுக்கு லீவு சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் பெல்மடுல்லைக்குப் போனேன். உன்னிடம் சொல்வதை விட அவரிடம் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம், அதனால் அதை முதலில் முடித்துவிட நினைத்தேன். கடையில் ஆள் இல்லை. துணி மடித்துக்கொண்டிருந்தார். "வாங்க சம்பந்தி, கவிஷாவுக்குக் குல்லா எடுக்க வந்தீங்களா? முடி கொட்டும்னாங்க, நான் எடுத்து வச்சிட்டேன்" என்றார். அதற்கும் ஒருமுறை எரிந்தது. பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ் பக்கெட்டு, விறைத்த மூலை, காகிதம், எல்லாம். ஐந்து வருடமாக வைத்திருந்த அந்தக் காகிதத்தை மேசையில் வைத்தேன். அவர் அதை எடுத்து வாசித்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

"அந்தப் பெட்டிய நர்ஸ் என்கிட்டதான் குடுத்தாங்க" என்றார். "வேன் வர்ற வரைக்கும் நீங்களே கையில வச்சிருங்கன்னு சொல்லி, ஐஸு கிட்ட கொண்டு போக வேணாம்னும் சொன்னாங்க. நான் ஒங்ககிட்ட சொல்லல."

"அவசரத்துல மறந்திருப்பீங்க" என்றேன்.

"மறக்கல சம்பந்தி. நின்னு சொன்னா நீங்க எழும்பி என்கூட உள்ள வந்துருவீங்க. புள்ளய நான் மொதல்ல தூக்கணும்னு இருந்துச்சு. கவிஷாவ நீங்கதானே மொதல்ல தூக்குனீங்க? அது எனக்கு மூணு வருஷமா மனசுல கெடந்துச்சு. பெட்டிய மடியில வச்சிட்டா எழும்ப மாட்டீங்கன்னுதான் வச்சேன்."

கவிஷாவை நான் முதலில் தூக்கியது எனக்கு நினைவே இல்லை, தினேஷ். யாரோ நீட்டினார்கள், வாங்கினேன். அதை ஒருத்தி மூன்று வருடம் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தினேஷ் தம்பிகிட்ட நானே சொல்றேன், நீங்க சொல்ல வேணாம். பெட்டிய குடுத்தது நான். தப்பு என்மேலயே இருக்கட்டும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு உடனே என்ன தோன்றியது தெரியுமா? இதையும் இவரே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாரே என்று தோன்றியது. "இல்லீங்க, அது என்னோடது, நான்தான் எழுதுவேன்" என்றேன். அவருக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "அதுக்குமா சம்பந்தி போட்டி?" என்றார். அதற்குத்தான். அவர் உனக்குப் போன் எடுப்பதற்கு முன்னால் எழுதி முடிக்க வேண்டும் என்றுதான் கடைப் பின்னறையில் உட்கார்ந்தே இதை எழுதுகிறேன். அவர் முன்னால் வியாபாரம் பார்க்கிறார், நடுவில் ஒருமுறை டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இனி நீ செய்ய வேண்டியது. பையோடு ஒட்டி, சின்னச் சின்ன வால் மாதிரி குழாய்களிலும் அதே இரத்தத்தை அடைத்து உறைய வைத்திருக்கிறார்கள் என்று டொக்டர் நோனா சொன்னார். பெரிய பையைத் தொடாமல், அதில் ஒன்றை மட்டும் வெட்டிக் கரைத்துப் பார்க்கலாம். உயிரோடு இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது ஒரு நாள் வேலை, அது மட்டும் போதாது. உயிரோடு இருந்தும் முளைக்காத கலங்கள் இருக்குமாம். தட்டில் வைத்து, அவை பெருகிக் கூட்டம் கூட்டமாக வளர்கின்றனவா என்று பார்க்க இரண்டு வாரம் எடுக்கும். அந்த இரண்டு வாரத்தைக் கேள். டிக்கெட் மாறும், அறை வாடகை கூடும், நிரோஷா பதறுவாள். இருந்தாலும் கேள். மூன்று மணித்தியாலம் ஐஸில் இருந்தது, ஒரு மூலை விறைத்தது, இந்த இரண்டையும் டொக்டரிடம் குறைக்காமல் சொல். அவர் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லலாம். முளைக்காவிட்டால் சின்னவனின் இடுப்பெலும்பிலிருந்து மச்சை எடுக்க வேண்டி வரும். அவனுக்கு ஒரு ஊசியும் குத்த வேண்டியதில்லை என்று நிரோஷா எவ்வளவு நிம்மதியாக இருந்தாள் என்று எனக்குத் தெரியும். அந்த நிம்மதியைக் கெடுப்பது நான்தான் என்று அவளிடம் சொல். ஆனால் முடிவு தெரியும் வரைக்கும், மச்சையை அழிக்கிற மருந்தில் ஒரு சொட்டுக் கூடக் கவிஷாவுக்கு ஏறக் கூடாது.

வாசித்து முடித்ததும் எனக்குப் போன் எடுக்காதே. ஏசுவதற்குக் கூட எடுக்காதே. முதலில் டொக்டருக்கு எடு. பிறகு நிரோஷாவிடம் பேசு. பிறகு உன் அத்தையிடம் பேசு, அவர் அழுவார், கொஞ்ச நேரம் கூட இரு. எல்லோரோடும் பேசி முடித்த பிறகு நேரம் இருந்தால் எனக்கு எடு. நான் கடைசியாகவே இருக்கிறேன்.

அம்மா